கைக்குழந்தையும் கப்பல் பயணமும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பப்போகிறது என்று 2022 ஜூனில் செய்தி வந்தபோது, அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஜனங்களுக்கு அது ஏதோ பணக்காரர் சமாச்சாரமாகத்தான் பட்டது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்ததை டிவியில் பார்த்ததோடு சரி. மூன்றே வருடத்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் போய் வந்துவிட்டன. இப்போது யாரும் "கப்பலில் போகலாமா?" என்று கேட்பதில்லை. "கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர் தன் பேத்தியை முன்னிட்டு இதே கேள்வியைக் கேட்டார். எங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்து இரண்டு வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்ததால், அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்போது என் பேரனுக்கு எட்டு மாதம். மகள் 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். பகலில் ஆபீஸ், இரவில் குழந்தை. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே கணக்கில்லை. மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார்: இரண்டு இரவு, சென்னையில் ஏறி, கடலில் சுற்றி, சென்னையிலேயே இறங்கும் பயணம். சமையல் இல்லை, பாத்திரம் இல்லை, சாமான் கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை.

என் மனைவி ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றாள். அவளுடைய பயத்துக்கு ஒரு பெயர் உண்டு: எம்.வி. சிதம்பரம். நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கப்பலை நினைவிருக்கும். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர் போகும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் டிரங்குப் பெட்டியும் கைக்குழந்தையுமாக அதில் போய் வந்தன. 1985 பிப்ரவரியில் சென்னையை நெருங்கும் வேளையில் அதில் தீப்பிடித்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். என் மனைவியின் சித்தப்பா அதற்குச் சில மாதம் முன்புதான் அதே கப்பலில் வந்து இறங்கியிருந்தார். அன்றிலிருந்து கப்பல் என்றாலே அவளுக்குப் புகை வாசனைதான்.

உறவில் இன்னொருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தொல்காப்பியத்தையே துணைக்கு அழைத்தார். பெண்களோடு கடல் கடந்து போகும் வழக்கமில்லை என்று அதில் ஒரு விதி இருக்கிறதாம். "அந்த விதிப்படி பார்த்தால் நானே இந்தியாவுக்கு வந்திருக்க முடியாது, சார்" என்றேன்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. நான் பிறந்தது சைகோனில். அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கத்தில் சிறு உத்தியோகம். அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் இந்தோசீனாவில் நிறைய இருந்தன. 1952இல், பத்து மாதக் குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா தனியாகக் கப்பல் ஏறினார். கொழும்பில் இறங்கி, ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து சின்னக் கப்பலில் தனுஷ்கோடி, பிறகு போட் மெயிலில் விழுப்புரம், அங்கிருந்து புதுச்சேரி. எனக்கு எதுவும் நினைவில்லை. அம்மா சொல்லச் சொல்லக் கேட்டதுதான்.

அம்மா அதிகம் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று தூளி. படுக்கைக் கம்பிகளுக்கு நடுவே தன் நூல் சேலையைக் கட்டி என்னைப் போட்டாராம். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொங்கும் தூளி நேராகவே நிற்கும். பெரியவர்கள் எல்லாம் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்க, நான் மட்டும் வீட்டில் தூங்கியதைவிட நன்றாகத் தூங்கினேனாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணத் தலைசுற்றல் அபூர்வம் என்று டாக்டர்கள் சொல்வதை நான் பிற்பாடுதான் படித்தேன்.

இரண்டாவது விஷயம் அவ்வளவு இனிமையானது இல்லை. குழந்தைத் துணி துவைக்க நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். கடல் தண்ணீரில் அலசிய துணி காய்ந்தாலும் உப்புப் பிசுபிசுப்பு போகாது. என் இடுப்பெல்லாம் புண்ணாகி, நாலாம் நாள் காய்ச்சலும் வந்துவிட்டது. கப்பல் டாக்டர் பிரெஞ்சுக்காரர். அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. காரைக்கால் பெண்மணி ஒருத்தி குறுக்கே வந்து மொழிபெயர்த்ததால் பிழைத்தேன் என்பார் அம்மா. பின்னால் என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதற்கு அந்த டாக்டர்தான் காரணம்.

அந்தப் பள்ளியில் படித்ததில் இந்த விஷயத்துக்கு உதவுவது இரண்டு சொற்கள். பிரெஞ்சில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடப்பதை 'த்ராவெர்ஸே' என்பார்கள். கடலில் சும்மா உலாவிவிட்டு வருவதை 'க்ருவாஸியேர்' என்பார்கள். தமிழில் இரண்டையும் கப்பல் பயணம் என்றே சொல்லிவிடுகிறோம். என் அம்மா செய்தது கடப்பு. வேறு வழியில்லாததால் துணிந்தது. மகள் கேட்டது உலா. உலாவுக்கு ஒரு சௌகரியம் உண்டு: தேதியை மாற்றலாம், தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் விட்டுவிடலாம். "அந்தக் காலத்தில் எங்கம்மா போகலையா?" என்று கேட்டு மட்டும் அனுப்பிவைப்பது நியாயமில்லை. "சிதம்பரம் எரியலையா?" என்று கேட்டு மட்டும் தடுப்பதும் நியாயமில்லை.

குமாஸ்தா புத்தி என்னைக் காகிதம் எடுத்து எழுத வைத்தது. எழுதியதன் சுருக்கம் இது.

முதலில் வயது. ராயல் கரீபியன் போன்ற பெரிய கம்பெனிகளில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாத பயணமானால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். காரணம் எளிது. கப்பலில் டாக்டர் இருப்பார். குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்காது.

அடுத்தது ஊசி. நம் அரசு அட்டவணைப்படி தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். பேரனுக்கு எட்டுதான் ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் இடத்துக்கு அந்த ஊசி போடாமல் அனுப்ப எனக்கு மனமில்லை. 2020இல் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 700 பேருக்கு மேல் கொரோனா தொற்றியதை நாம் மறக்கவில்லை. கப்பல்களில் அடிக்கடி தலைகாட்டும் நோரோ வைரஸ் வாந்திபேதிக்கு, கையில் தடவும் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில்தானே வைக்கும்!

மூன்றாவது பருவம். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் இந்தக் கப்பல் நம் பக்கம் வந்து ஓடுகிறது. அக்டோபர் வந்துவிட்டால் வங்கக் கடல் புயலுக்குச் சொந்தம். ஆகவே ஜூன் வேண்டாம், ஊசி போட்டு மூன்று வாரம் கழித்து ஆகஸ்டில் போகட்டும் என்று எழுதினேன்.

நான்காவது பாதுகாப்பு. இது மனைவிக்காகத் தேடியது. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் தனியாகக் குழந்தை அளவு உயிர்காப்புச் சட்டை இருக்க வேண்டும். உயிர்காப்புப் படகுக் கணக்கிலும் கைக்குழந்தை ஓர் ஆள். மடியில் வைத்துக்கொள்கிறோம், டிக்கெட் எதற்கு என்று நம் பஸ்ஸில் வாதாடுவதுபோல் அங்கே வாதாட முடியாது. இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் மனைவி முதன்முறையாக, "பையில் என்னென்ன வைக்கணும்?" என்று கேட்டாள்.

ஆகஸ்டில் போனார்கள். நாங்கள் ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் போய் வழியனுப்பினோம். பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து, வீட்டில் வறுத்து அரைத்த கஞ்சி மாவு, ஒரு சின்ன பிளாஸ்க், தேவைக்கு இரட்டிப்பாக டயபர், பிறப்புச் சான்றிதழ் நகல். இவை என் பட்டியல். வசம்பும் ஒரு பழைய நூல் சேலையும் மனைவியின் சேர்க்கை.

திரும்பி வந்ததும் மகள் சொன்னதில் புதிதாகப் போகிறவர்களுக்கு உதவக்கூடியவை: பெரும்பாலான கப்பல்களைப் போல அங்கேயும் டயபர் போட்ட குழந்தைகளை நீச்சல்குளத்தில் இறக்க அனுமதி இல்லை. அறை சிறியது, குழந்தை தவழ இடம் போதாது. பால்கனி உள்ள அறை எடுத்தால் அதன் கதவுத் தாழ்ப்பாளிலேயே கண் இருக்க வேண்டும். இரவு கச்சேரி, ஆட்டம் எதற்கும் இருவரும் சேர்ந்து போக முடியாது. தொட்டில் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். பேரனுக்குக் கடலைவிட லிஃப்ட் பட்டன்தான் பிடித்ததாம்.

இந்த ஜூலையில் கப்பல் புதுச்சேரிக்கும் வந்தது. நடுக்கடலில் நங்கூரமிட்டு, ஆட்களைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் தாத்தா காலத்திலும் அப்படித்தான் இறக்குவார்கள். பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் ஆடும் படகில் கைக்குழந்தையோடு ஏறி இறங்கச் சொல்லி நண்பருக்கு நான் யோசனை சொல்லவில்லை. கடலில் சுற்றித் திரும்பும் பயணமே போதும் என்றேன்.

நண்பர் கடைசியாகக் கேட்டார்: "குழந்தைக்கு எதுவுமே ஞாபகம் இருக்காதே சார், எதுக்கு இவ்வளவு செலவு?" உண்மைதான். பேரனுக்கு இப்போது மூன்று வயது நெருங்குகிறது. கப்பல் படத்தைக் காட்டினால் யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். ஆனால் மாப்பிள்ளை எடுத்த இன்னொரு படம் என் செல்போனில் இருக்கிறது. பட்டப்பகல். மகள் மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். கட்ட இடமில்லாததால் தூளியாகாமல் போன அந்த நூல் சேலையை யாரோ அவள் மேல் போர்த்தியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் தூங்கினாளாம். அந்தப் படத்தை என் மனைவி இதுவரை நாலு பேருக்காவது காட்டியிருப்பாள்.