தென்னை வரைந்த காலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேருக்கு ஒரு தென்னை மரம்கூட இல்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே, நாலாயிரம் அடியைத் தாண்டிய குளிரில், தென்னை எங்கே காய்க்கப் போகிறது? தேங்காய் என்றால் எங்களுக்குக் கடையில் சாக்குக்குள் இருப்பது; சம்பளம் போட்ட மறுநாள் ரொட்டிக்குள் இருப்பது. ஆனாலும் ‘எனது கிராமம்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும், முப்பது பிள்ளைகளும் முப்பது தென்னை வரைந்துவிடுவோம். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து நெளிந்து வரும் ஆறு, ஓலைக் குடிசை, வயல். நாங்கள் எவரும் கண்ணால் பார்த்திராத வயல்.

ஒருமுறை என் ஆற்றங்கரையில் கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டது. எங்கள் லயத்து வீட்டுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற பீலியையும் அதன் அடியில் ஒரு குடத்தையும் அங்கே வரைந்து வைத்தேன். “கிராமத்துல இது எங்கம்மா வருது?” என்றார் டீச்சர். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நானே அழித்தேன். மலிவான அழிரப்பர். தாள் கறுத்து, அந்த மூலையில் மட்டும் மழை பிடித்ததுபோல ஆகிவிட்டது. படத்தை அம்மா டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தாள். அவளுக்குத் தென்னை பிடித்திருந்தது.

அம்மா கொழுந்தெடுத்தவள். பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, மலைக்கு ஏறி, இருட்டுக்கு முன்னால் திரும்புகிற வாழ்க்கை. அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் தேயிலைக்கு அடியில் முளைக்கிற ஒவ்வொன்றும் தெரியும். புளியாரை, வல்லாரை, மணத்தக்காளி. சிலதுக்கு அவளும் கூட்டாளிகளுமே பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர்களை நான் பிறகு பார்த்ததில்லை. புல் வெட்டும் வேலைக்குப் போட்டால் மட்டும் முணுமுணுப்பாள். “பேரு வச்சுட்டா புடுங்க மனசு வராதுடி.” 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடைசெய்தபோது அம்மா வேலையிலிருந்து நின்று வருடங்களாகிவிட்டது. ஆனாலும் யாரோ சொல்லக் கேட்டு, கம்பு ஊன்றிக்கொண்டு மலைக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். “வல்லாரை வந்துருச்சு” என்றாள், ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வந்த மாதிரி. துரைமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் அந்தத் தடை தலைவலி. புல் மண்டினால் கொழுந்து குறையும், கூலி கூடும். அதையும் நான் மறுக்க மாட்டேன். 2018இல் தேயிலைக்குத் தடையைத் தளர்த்தினார்கள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

பச்சை என்றால் எங்கள் ஊர்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரயில் கோச்சியின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார்; இரண்டு வருடத்தில் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது; காடு இருந்த மலை கோப்பி மலையாகி, கோப்பி மலை தேயிலை மலையானது. அந்தப் பச்சைக்குக் கீழே எங்கள் ஆட்கள் புதைந்திருக்கிறார்கள். இதை இயற்கை என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் நாற்றுத் தவறணைக்குப் பின்னால் ஒரு மரம் இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். வெள்ளைப் பூவும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக, கூரையைவிட உயர்ந்து நின்றது. “இது என்னா மரம்?” என்றேன். “தேயிலைதான்” என்றாள் அம்மா. நம்பவில்லை. தேயிலை என்றால் இடுப்பளவு. அதற்கு மேலே வளர்வது கொழுந்து, எடுத்துவிட வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி மொட்டையாக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் அது மரமாகிப் பூக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விதைக்காக விட்டுவைத்த மரம் அது. பிறகு எல்லாம் வீ.பி. தேயிலையாகிவிட்டது, தண்டை வெட்டி வைத்தே நாற்றாக்குகிறார்கள், விதை தேவைப்படவில்லை. மரத்தை எப்போது வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது சித்திரம் படிக்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்து நகரத்துப் பாடசாலை ஒன்றில் சித்திர ஆசிரியையானேன். முதல் தவணையில் ‘எனது கிராமம்’ என்று எழுதிப்போட்டேன். முப்பத்தாறு தென்னை வந்தது.

சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சுற்றாடல் முன்னோடிகளையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபை நாடு முழுக்கப் பாடசாலைகளில் நடத்துகிற படையணி அது, நல்ல திட்டம்தான். கெடுத்தது நாங்கள். கொப்பியில் ‘மரம் நடுவோம்’ சுவரொட்டி ஒட்டி, சிரமதானத்துக்குப் பதாகை பிடித்துப் படமெடுத்து, பக்கத்தை நிரப்பி விடுவோம். சிரமதானத்தில் கூட்டிய குப்பை அடுத்த மழைக்கு அதே இடத்தில் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பதாகையை அறைக்குள்ளேயே வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கான் ஓடுகிறது. மேலே தேயிலை மலையில் ஊற்றாகத் தொடங்கி, லயத்தைத் தொட்டு, கடைவீதிக்குப் பின்னால் வரும்போது பொலித்தீனும் யோகட் கோப்பையும் கோழி இறகுமாகிவிடுகிற தண்ணீர். “கண்ணுக்குத் தெரியிறத மட்டும் வரையுங்க” என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். “இதையா டீச்சர்?”

அரை மணி நேரம் போனது. ஒரு பையன் எழுந்து வந்து, “டீச்சர், ஒரு குருவி வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது, எப்புடி வரையிறது?” என்றான். வாலாட்டிக் குருவி. வயிறு மஞ்சள், முதுகு சாம்பல். செப்டெம்பரில் வடக்கிலிருந்து வந்து, மலைநாட்டு ஓடையெல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, சித்திரை வாக்கில் போய்விடும். அவன் வாலை ஐந்து தடவை வரைந்திருந்தான், ஐந்தும் ஒரே குருவிக்கு. என் ஆசிரியத் தொழிலில் நான் பார்த்த முதல் நல்ல சித்திரம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த வாரம் அவன் யாரும் சொல்லாமல் கானுக்குள் இறங்கி, அந்தக் குருவி நிற்கிற கல்லைச் சுற்றி மட்டும் பொலித்தீனை எடுத்திருந்தான். முழுக் கானையும் சுத்தம் செய்வது அவன் எண்ணமில்லை. அவனுக்கு அந்தக் கல் போதும். பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தைப் பிடித்தார்கள்: ஒருத்திக்கு மதகடி, ஒருத்திக்குப் பெரணி முளைத்த சுவர். தங்கள் இடத்தில் குப்பை விழுந்தால் சண்டைக்கு வந்தார்கள். கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “டீச்சர், ஒங்க புள்ளைங்க என்னைய முறைக்குதுங்க” என்று முறையிட்டார். கான் சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மேலேயிருந்து வருவதை எந்தப் பிள்ளை தடுப்பது?

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டது அந்த மதகடிக்காரிதான். வராந்தாவில் சோக்கால் படம் போட்டேன். ஹட்டன் ஒரு மலைமுதுகில் உட்கார்ந்த ஊர். இந்தப் பக்கம் இறங்குவது ஹட்டன் ஓயா, மகாவலியில் கலந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றித் திருகோணமலைக் கடலுக்குப் போகும். டிக்கோயாப் பக்கம் இறங்குவது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, கெஹெல்கமு ஓயாவாக விழுந்து, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகும். “அப்ப யோகட் கோப்பையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டா கொழும்புக்காரங்க குடிப்பாங்களா?” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

காசல்ரீ என்றதும் எனக்கு மஸ்கெலியா ஞாபகம் வந்துவிடும். 1969இல் மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் கோயில் இடிபாடு வெளியே தெரியும். சனம் பஸ் பிடித்துப் பார்க்கப் போகும். அம்மா ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். சேற்றில் நின்று, இங்கேதான் கடை, இங்கேதான் பஸ் நிற்கும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். அவள் வரைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மஸ்கெலியாவுக்கு மேலே நல்லதண்ணி. 2020 மே மாதம் அங்கே ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் செத்துவிட்டது. கொரோனாவால் பாடசாலை மூடியிருந்த காலம். திறந்தபின் யாரும் கேட்காமலே பிள்ளைகள் கறுப்புப் பெஸ்டலைத் தேய்த்துத் தீர்த்தார்கள். கண்ணீர் விடும் சிறுத்தை, சிறகு முளைத்த சிறுத்தை. ஒருவன் மட்டும் சிறுத்தையே இல்லாமல் மரக்கறித் தோட்டத்து வேலியையும் அதில் ஒரு கம்பி வளையத்தையும் வரைந்திருந்தான். “எங்க மாமாவும் போடுவாரு டீச்சர். பண்டிக்கு.” மாதச் சம்பளக்காரி நான் அவன் மாமாவை என்ன சொல்வது? லயத்துக்குப் பின்னால் போட்ட நாலு பாத்தி உருளைக்கிழங்கைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். படத்தைச் சுவரில் மாட்டினேன். மற்றதையெல்லாம்விடக் கூடுதலான நேரம் அதன் முன்னால்தான் பிள்ளைகள் நின்றார்கள்.

ஒரு பெப்ரவரியில் பிள்ளைகளை ரயிலில் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. பிள்ளைகள் கூச்சல் போட, நானும் போட்டேன். 1884இல் ஹட்டனுக்கு வந்த ரயில் அடுத்த வருடமே நானுஓயாவுக்குப் போய்விட்டது. அந்த மலையைக் குடைந்தவர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். கொட்டகலை வந்துவிட்டது, வடை வந்துவிட்டது.

விக்டோரியா பூங்காவில் பூப்பாத்தி பார்க்கத்தான் போனோம். ஓரமாக ஓடுகிற ஓடைப் பக்கம் நாலு வெள்ளைக்காரர்கள் தொலைநோக்கியோடு குனிந்து மூச்சு விடாமல் நின்றார்கள். ஓடையில் நாற்றம். “டீச்சர், இங்கயும் கானுதான்!” என்று கத்திவிட்டாள் மதகடிக்காரி. ஒருவர் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, தன் தொலைநோக்கியை அவளிடமே கொடுத்தார். காஷ்மீர் ஈபிடிப்பான். சிட்டுக்குருவிக்கும் சிறிது; கழுத்திலும் நெஞ்சிலும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை. உலகத்தில் அருகிவருகிற பறவை. இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. இங்கே இல்லாவிட்டால் நீலகிரிப் பக்கம் போகிறது.

நீலகிரி என்று சொன்னதும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதில் என் மாமா ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறிப் போய்க் கோத்தகிரியில் மறுபடி தேயிலைக்கே போனார். அங்கிருந்து வந்த கடுதாசியில் ‘இங்கேயும் அதே குளிர்’ என்று எழுதியிருந்ததாக அம்மா சொல்வாள். இந்தக் குருவியிடம் இரண்டு மலையிலும் குடியுரிமைத் துண்டு கேட்பார் இல்லை.

பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை. அவர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். மதகடிக்காரி குருவியைப் பாதி வரைந்து, அதற்குப் பக்கத்தில் வெள்ளைக்காரரின் சேறு படிந்த சப்பாத்தை முழுசாக வரைந்திருந்தாள்.

2022இல் தாள் கிடைக்கவில்லை, வண்ணம் கிடைக்கவில்லை. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பரீட்சையே தள்ளிப்போன வருடம். நாங்கள் பழைய செக்ரோல் பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில், மஞ்சள், அடுப்புக்கரி, தேயிலைச் சாயத்தில் வரைந்தோம். அது என் கண்டுபிடிப்பில்லை. ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேயிலைப் பையையும் வைத்தே படைப்புகள் செய்தவர். அவற்றைப் பார்த்தபோது, நம் வீட்டுக் கறையும் வண்ணம்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சாயத்தை நான்கு தடவை பூசினால் மண் நிறம், ஒரு தடவை பூசினால் விடியற்காலை மூட்டம்.

அந்த வருடமும் ‘எனது கிராமம்’ கொடுத்தேன். தென்னை ஏழுதான் வந்தது. ஏழையும் நான் திருத்தவில்லை. தென்னையை ஆசைப்பட்டு வரைகிற பிள்ளையும் இருக்கும்தானே. ஒரு சின்னவள், எங்கள் பழைய தோட்டத்துப் பிள்ளை, சாயத்தில் பீலியை வரைந்திருந்தாள். தகரக் குழாயிலிருந்து விழுகிற தண்ணீர், பாசி, குடம், பின்னால் தேயிலை. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டிரங்குப் பெட்டியில் என் தென்னையைத் தேடி எடுத்தேன். அந்தக் கறுத்த மூலை அப்படியே இருந்தது. இரண்டையும் அம்மாவின் மடியில் வைத்தேன்.

கண் மங்கிவிட்டது அவளுக்கு. என் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். சின்னவளின் படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

“டஸ்ட்டுத் தூளு” என்றாள். “நல்ல தூளெல்லாம் எங்க, நமக்குக் குடுப்பானுங்களா.”

பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

“பீலி சரி. தொவைக்கிற கல்லு எங்கடி?”