பத்துக்குப் பன்னிரண்டு அடி

இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசைக் கட்டடத்துக்கு லயம் என்று பெயர். அதன் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கு இடம் குறித்துக் கட்டுவித்தவர்கள், தோட்டம் நடத்திய துரைமார்கள். அதில் குடியேறியவர்களோ திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள். அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை, கண்மாய்களை நம்பிய வானம் பார்த்த சீமை. மழை பொய்த்த ஆண்டுகளில், தோட்டங்களுக்குக் கூலிகளைத் திரட்டிய கங்காணிக்கு ஆள் சேர்ப்பது சிரமமாக இருக்கவில்லை. மணமேல்குடிக்கு அருகிலுள்ள அம்மாபட்டினம், கூலியாட்கள் தோணி ஏறிய துறைகளில் ஒன்று.

அவர்கள் விட்டுப்போன வீடும் பெரிய வீடல்ல. மண்சுவர், வேய்ந்த கூரை, முன்னால் ஒரு திண்ணை, அவ்வளவுதான். ஆனால் அது வளரக்கூடிய வீடு. மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்தில் ஒரு குச்சு போடலாம், அடுப்பைக் கொல்லைக்கு மாற்றலாம், ஆட்டைப் பின்னால் கட்டலாம். லயத்தில் இவை எதற்கும் வழியில்லை.

இதற்குக் காரணம் பயிரில் இருக்கிறது. முதலில் வந்தது காப்பி. காப்பிப் பழம் பறிக்க ஆண்டில் சில மாதங்களுக்கு ஆள் வேண்டும். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். அதனால் வரிச்சில் மண் அப்பி, மானாப்புல் வேய்ந்த கொட்டகையே போதும் என்று துரைமார் கருதினர். 1869இல் காப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பறிக்கப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் நிரந்தரமாகத் தங்கின. கொட்டகை கல்லுச்சுவரும் தகரக்கூரையுமாக உறுதிப்பட்டது. அறையின் கணக்கு மட்டும் மாறவில்லை. தனி ஆள் சில மாதம் முடங்குவதற்குப் போட்ட அளவிலேயே குடும்பத்துக்கும் வீடு கட்டினார்கள். லயத்தின் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவை.

வழக்கமான காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் பின்சுவர் முட்டும். ஒற்றை லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில் இருக்கும். இரட்டை லயத்தில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஒரே கூரையில் இரண்டு மடங்கு குடும்பங்களை அடக்கிவிடலாம் என்பதே அதன் சிக்கனம். ஆனால் அங்கே பின்வாசல் இல்லை, பின் சன்னலும் இல்லை. காற்றும் வெளிச்சமும் ஆளும் வந்துபோக இருப்பது முன்வாசல் ஒன்றே. பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு வீட்டு அடுப்புப் புகையும் இருமலும் சண்டையும் அடுத்த வீட்டுக்கும் சேரும். புகைபோக்கி கிடையாது. வெயிலில் தகரம் கொதிக்கும், மழையில் பேச்சு கேட்காது. காற்றுக்குத் தகரம் பறக்காதிருக்க மேலே கல்லைத் தூக்கி வைப்பது இன்றும் நடக்கிறது.

கட்டிய இடமும் தற்செயலானதல்ல. நல்ல நிலம் தேயிலைக்கு, காற்றோட்டமான குன்றின் உச்சி துரை பங்களாவுக்கு. மிஞ்சிய சரிவும் பள்ளமும் லயத்துக்கு. மண்சரிவில் லயங்கள் புதைந்த செய்திகளின் வேர் இங்கே இருக்கிறது. குடிநீருக்குப் பீலி எனும் பொதுக் குழாய். மேட்டு லயம், பணிய லயம் என்று இடத்தை வைத்தே பெயரிட்டார்கள். எந்தச் சாதிக்கு எந்த லயம் என்பதும் வகுக்கப்பட்டது. ஒரே ஊரிலிருந்து ஒரு கங்காணியின் கீழ் வந்தவர்கள் ஒரே வரிசையில் இருக்க, ஊர்த்தெருவும் சேரியும் மலையில் மறுபடி முளைத்தன.

இத்தனைக்கும் நடுவே ஓரிடம் தப்பியது: இஸ்தோப்பு. காம்பராவுக்கு முன்னால் கூரை தாழ்ந்து இறங்கும் குறுகிய தாழ்வாரம் அது. விறகு காய்வது, கொழுந்துக்கூடை தொங்குவது, பிள்ளைகள் படிப்பது, விருந்தாளி உட்கார்வது எல்லாம் அங்கேதான். குடும்பம் பெருகியபோது பலகையோ தகரமோ மண்ணோ வைத்து அதை அடைத்தார்கள். ஒருவர் அடுப்படியாக்கினார், இன்னொருவர் புதுமணத் தம்பதிக்கு அறையாக்கினார். லயத்தில் தொழிலாளி கையால் கட்டப்பட்ட பகுதி என்றால் பெரும்பாலும் இதுவே. வெளிப்பார்வைக்கு ஒழுங்கு குலைந்த ஒட்டுவேலையாகத் தெரியும். மொத்தக் கட்டடத்திலும் குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

காம்பரா வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் கூரையும் போகும். வேறு தோட்டத்துக்குப் போவதற்கு, பட்ட கடனைக் குறித்த துண்டு வேண்டும். கடனை அடைக்காமல் கால் நகராது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. தான் சேர்த்த ஆட்களுக்குத் தலைக்காசு வாங்கியவர் கங்காணி, முன்பணத்தைக் கடனாக ஏற்றியவரும் கங்காணி. அவரைத் திட்டுவதில் தவறில்லை. ஆனால் சுவரின் அளவைத் தீர்மானித்தது அவரல்ல, தோட்டத்தின் கணக்குப் புத்தகம். 1912இல் வந்த சட்டங்கள் தோட்டங்களில் மருத்துவத்தையும் சுகாதாரத்தையும் கட்டாயமாக்கின. வீடு மட்டும் வீட்டிலிருப்பவருக்குச் சொந்தமாகவில்லை. நெடுங்காலம் கடிதங்கள்கூடத் தோட்டத்து அலுவலகத்துக்கே வந்தன. காம்பராவுக்கென்று முகவரி இல்லை.

1964 அக்டோபர் 30இல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. தாத்தாவின் ஊர்ப்பெயரை மட்டும் அறிந்த பலர் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். தங்கியவர்கள் வேலை செய்த தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயம் லயமாகவே நின்றது. கம்பளை அருகே ஒரு பழைய லயம் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்திய நிதியுதவியில் முதலில் 4,000 தனி வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிக் காணி. அவை கிடைக்காத குடும்பங்கள் பழைய காம்பராக்களில் இருக்கின்றன.