பெருக்கிப் பார்!

4,29,49,67,297.

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் இந்த எண்ணை என் ஆசான்களில் ஒருவராகவே மதிக்கிறேன். பெயர் கண்டு மயங்காதே, பெருக்கிப் பார் என்று எனக்குக் கற்றுத் தந்தது அது.

32 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதோடு ஒன்றைக் கூட்டுங்கள். இந்த எண் கிடைக்கும். இதற்கு முன்னோர் ஐவர் உண்டு. 1, 2, 4, 8, 16 என்ற அளவில் இரண்டுகளைப் பெருக்கி, ஒன்று கூட்டினால் வருபவை 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை.

பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை பெர்மா, இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்துமே பகா எண்கள்தாம் என்று தாம் நம்புவதாக 1640இல் எழுதினார். நிறுவ இயலவில்லை என்பதையும் மறைக்காது சொன்னார். அந்த நேர்மைக்கு நம் வணக்கம்! ஆயினும், மேதையின் நம்பிக்கை என்பதாலேயே அது மெய்யாகிவிடுமா?

ஆண்டுகள் பல உருண்டன. 1729இல் கோல்ட்பாக் என்ற அறிஞர், கடிதம் வாயிலாக இளைஞர் ஆய்லரிடம் இதுபற்றிக் கேட்டார. பெர்மாவின் புகழ் பெரிதென்று ஆய்லர் கைகட்டி நிற்கவில்லை. 1732இல், இருபத்தைந்து வயதில், விடை சொன்னார்: ஆறாவதாக வரும் நம் எண் 641ஆல் வகுபடும்!

கண்ணை மூடிக்கொண்டு தேடவும் தேவையில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்பதைப் பின்னாளில் ஆய்லரே நிறுவினார். அந்த அளவுகோல் கொண்டு தேடினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாம் தட்டலிலேயே கதவு திறந்துவிடுகிறது!

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடையில் கணக்கெழுதும் இளந்தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பெரிய மனிதர் விவகாரம், எனக்கெதற்கு ஐயா?" என்று ஒதுங்கினார். தாளை நீட்டினேன். 67,00,417ஐ 641ஆல் பெருக்கினார். மூன்று வரி, ஒரு கூட்டல். வந்து நின்றது 4,29,49,67,297! மறுமுறையும் சரிபார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "அப்படியானால், நான் போட்ட கணக்கும் ஆய்லர் போட்ட கணக்கும் ஒன்றுதானா?"

"ஒன்றேதான்" என்றேன்.

அந்தப் பெருக்கல் அவரிடம் பட்டம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. பெர்மா என்ற பெயருக்கு அஞ்சவும் இல்லை. அதனால் பெர்மாவின் பெருமை குன்றிற்றா? இல்லை! அவர் எழுப்பிய வினா இன்றும் உயிரோடிருக்கிறது. 65,537க்குப் பின் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணையும் இதுவரை எவரும் கண்டாரில்லை. இனி இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை.

"உண்டு" என்பாரிடமும் சான்று கேட்போம். "இல்லை" என்பாரிடமும் சான்று கேட்போம். கேட்பதற்கு நமக்குத் தகுதி உண்டா என்ற தயக்கம் வேண்டாம், தோழர்களே! தாள் ஒன்று, எழுதுகோல் ஒன்று, தளராத உள்ளம் ஒன்று. தகுதிக்கு அவை போதும்.