பாரிஸ் போசனசாலையில் ஒரு மாலை

பிரயாணஞ் செய்வோர் ஒரு நகரின் கோபுரங்களையும் நூதனசாலைகளையும் பார்த்துத் திரும்பி, அந்நகரைக் கண்டுவிட்டோம் என்பர். ஆயின், அந்நகர மக்கள் மாலை வேளையில் எங்கே கூடியமர்ந்து எதனை உண்கின்றனர் என்பதை அறியாதவர் அந்நகரிற் பாதியையே கண்டவராவர். சென்ற ஆண்டு விடுமுறையில் நாம் பாரிஸ் மாநகர் சென்றபோது இதனை நன்குணர்ந்தோம். உணர்த்தியவர் எமது சின்ன மாமா.

மாமா 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் நாட்டை விட்டுச் சென்றவர். அந்நாளில் பாரிசை அடைந்த எம்மவர் பலரைப் போலவே அவருக்கும் கிடைத்த முதல் வேலை உணவுச்சாலையொன்றிற் கோப்பை கழுவுவதே. “பாரிசிலே கோப்பை கழுவுகிறான்” என்று ஊரார் நகைப்புடன் பேசியதைச் சிறுவயதில் நாமும் கேட்டிருக்கின்றோம், கேட்டு நகைத்துமிருக்கின்றோம். எமது பட்டப்படிப்புக்கு வந்த பணம் அக்கோப்பைகளிலிருந்தே வந்தது என்பதை அப்பொழுது நாம் எண்ணிப் பார்த்தோமில்லை. மாமா பின்னர் சமையற்காரராக உயர்ந்து, இப்பொழுது ஓய்வு பெற்றுள்ளார்.

அவர் எம்மை அழைத்துச் சென்றது ‘பிராஸரி’ எனப்படும் வகையைச் சேர்ந்த ஒரு போசனசாலைக்கு. பிராஸரி என்ற சொல்லுக்குப் பியர் வடிக்குமிடம் என்பதே முதற்பொருள். பஸ்தீல் சதுக்கத்தை அடுத்துள்ள ‘போஃபாஞ்சே’ என்னும் பிராஸரி 1864இல் தொடங்கப்பட்டது. 1870–71 யுத்தத்திற் பிரான்சு தோல்வியுற்று, அல்சாஸ் பிரதேசம் ஜேர்மனியின் வசமாயிற்று. அப்போது வீடுவாசலைத் துறந்து பாரிசுக்கு வந்த அல்சாஸ் மக்கள் இத்தகைய சாலைகள் பெருகக் காரணராயினர். இன்றும் பேர்பெற்று விளங்கும் ‘லிப்’ சாலையை 1880இல் நிறுவியவரும் அல்சாஸ்காரரே. புளிக்கவைத்த கோவாவையும் உருளைக்கிழங்கையும் இறைச்சியோடு சேர்த்து அவர்கள் ஆக்கும் பதார்த்தம் இன்று பாரிசின் சொந்த உணவாகிவிட்டது. ஊரிழந்து வந்தவர் தம் அடுப்பையாவது உடன்கொண்டு வந்தனர் என்று மாமா சொன்னபோது, அவர் குரலிற் சிறிது தழுதழுப்பு இருந்தது.

சாலையின் வாயிலிலேயே உணவுப் பட்டியலும் விலையும் தொங்கின. உள்ளே புகுமுன் தன் பணப்பையின் நிலையை அறிந்துகொள்ள இது வறியவருக்குப் பெரிதும் உதவும். உட்புறத்தில் நிலைக்கண்ணாடிகளும் பித்தளைக் கம்பிகளும் விளக்கொளியில் மின்னின. மேசைகள் மிக நெருக்கமாய் இடப்பட்டிருந்தமையால், அயலில் இருந்தவரின் முழங்கை எமது முழங்கையைத் தொட்டது. கறுப்பு அரைச்சட்டையும் வெள்ளை மேலங்கியும் அணிந்த பரிசாரகர் பாணையும் ஒரு குவளை நீரையும் கொணர்ந்து வைத்தார். அவ்விரண்டுக்கும் தனிக் காசில்லை.

பட்டியலைப் பார்த்து நாம் வெங்காயச் சூப்பைத் தெரிவு செய்தோம். வெங்காயத்தை வெண்ணெயில் நெடுநேரம் வதக்கி, மேலே பாணும் பாற்கட்டியும் இட்டுச் சூளையில் வாட்டி எடுப்பது அது. மரக்கறி உண்போருக்கு இதனிலும் ஏற்றது வேறு யாதுளது என்று எண்ணினோம். மாமா எமது கையைப் பற்றினார்.

“தம்பி, அது வேண்டாம். மாட்டெலும்பை மணிக்கணக்காக அவித்து வடித்த சாற்றிலேதான் அதைக் காய்ச்சுவார்கள். எத்தனை அண்டா நானே காய்ச்சியிருக்கிறேன்!”

“அப்படியானால் அந்தப் பருப்புச் சலாது, மாமா?”

“அதிலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். பொறும், கேட்போம்.”

“கேட்டால் ஏதும் நினைப்பார்களோ?”

“கேட்பதில் வெட்கமில்லைத் தம்பி. கேளாமற் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மனம் நோவதுதான் பிழை.”

பரிசாரகர் முகஞ்சுளிக்கவில்லை, சமையலறைக்குட் சென்று விசாரித்துத் திரும்பினார். ஈற்றில், அவித்த லீக்ஸ் தண்டுகளுக்கு எண்ணெய், வினாகிரி, கடுகு சேர்த்த குழம்பு ஊற்றிக் கொணர்ந்தார். நுவரெலியாவிலிருந்து எம் சந்தைக்கு வரும் அதே லீக்ஸ்! உருளைக்கிழங்கும் பாணும் துணையாக, வயிறு நிறைந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடல் வேண்டும். ‘ரெஸ்டோரண்ட்’ என்னும் சொல்லே முதலில் ஒரு சாலையின் பெயரன்று. சோர்ந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றின் பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாரிசில் அச்சாற்றை விற்ற இடங்களுக்கு அப்பெயர் ஆகிவந்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அவ்விடங்கள் பெருகின. 1896இல் தொடங்கி இன்றும் மலிவான உணவளிக்கும் ‘பூயோன் ஷார்த்தியே’ சாலையின் பெயரிலுள்ள ‘பூயோன்’ என்பதும் சாறு என்றே பொருள்படும். இறைச்சிச் சாற்றின் பெயர் தாங்கிய வீட்டினுள்ளே நுழையும் சைவர் வாய்திறந்து கேட்கத்தானே வேண்டும்!

உண்டு முடித்தும் பற்றுச்சீட்டு வரவில்லை. எம்மை மறந்தனரோ என ஐயுற்றோம். “நாங்கள் கேட்கும் வரையில் தரமாட்டார்கள். தந்தால் எழும்பிப் போங்கள் என்று சொல்வது போலாகும்” என்றார் மாமா. பரிசாரகரின் சேவைக்குரிய கூலியும் விலையிலேயே அடங்கியிருந்தது. மாமா நாற்காலியிற் சாய்ந்து, சமையலறைக் கதவு திறப்பதையும் மூடுவதையும் நெடுநேரம் பார்த்திருந்தார். “முப்பது வருஷம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். இந்தப் பக்கம் இருந்து சாப்பிடுவது இதுதான் முதற்தரம்” என்றார். நாம் மறுமொழி கூற இயலாதவராயினோம்.

இரண்டு நாட்களின் பின், புகையிரதத்தில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலாகப் பயணஞ் செய்து சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரை அடைந்தோம். அங்குள்ள ‘ஹில்ற்றில்’ என்னும் மரக்கறிப் போசனசாலை 1898இல் தொடங்கியது. உலகில் இடையறாது நடந்துவரும் மரக்கறிச் சாலைகளுள் மிகப் பழையதெனப் போற்றப்படுவது. வேண்டியதைத் தட்டில் எடுத்து நிறுத்துப் பணம் செலுத்தலாம். எவரிடமும் எதனையும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயினும் எம் மனம் பாரிசின் நெருக்கமான அம்மேசையையே நாடிற்று.

ஊர் திரும்பியதும் எம் தாயார் ஈபெல் கோபுரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பியாரோடு உண்ட கதையைச் சொல்லக் கேட்டவர், “அவன் ஆறுதலாக இருந்து சாப்பிட்டானோ?” என்று மட்டும் வினவினார்.

“இரண்டு மணித்தியாலம் இருந்தார், அம்மா. ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை” என்றோம்.