பால்மா ரின்னுக்குள் பதினேழு சிப்

திருநெல்வேலியில் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு இருக்கிற வீட்டில் கிழமைக்கு இரண்டு தரமாவது மேல்தொட்டி நிரம்பி வழியும். அன்ரி கீழே நிண்டு "மோட்டரை நிப்பாட்டுங்கோ பிள்ளையள்" எண்டு கத்துவா. தொட்டி நிரம்பினால் சத்தம் போடுற அலாம் ஒண்டு செய்து தாறம் எண்டு வாய்விட்டது எங்கட பிழை. (இரண்டு ட்ரான்சிஸ்டரே அதுக்குக் காணும் எண்டது பிறகுதான் தெரிஞ்சுது.) அன்ரி உள்ளே போய் ஒரு பழைய பால்மா ரின்னோட வந்தா. வெளிநாடு போன மகன் ஏஎல் படிக்கிற காலத்தில் பொழுதுபோக்காகச் செய்த போர்ட்களும், அதுகளில் இருந்து கழட்டின சிப்களும். பதினேழு.

கலைப்பீடத்துக்காரருக்கு இது என்ன தேவையில்லாத வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். ஆனால் சிப்பின் முதுகில் இருந்த எழுத்துகளை வெளிச்சத்தில் சரிச்சு வாசிக்கத் தொடங்கின பிறகு விட முடியவில்லை. ஒன்பது ஏடிமெகா8, மூன்று ஏடிடைனி2313, நான்கு பிக்16எஃப்84ஏ, ஒரு பிக்16சி54. மெகா8 ஒன்றில் மட்டும் சின்ன ஸ்டிக்கர், அதில் பேனையால் 'மணி'. ரியூசன் கொட்டிலில் பாடம் முடிய மணியடிக்கச் செய்ததாம். புரோகிராமை எழுதின கொம்பியூட்டர் எப்பவோ இரும்புக்குப் போயிட்டுது. இப்ப அது இருக்கிறது இந்தச் சிப்புக்குள் மட்டும்தான்.

சிப்புக்குள் எழுத புரோகிராமர் வேணும். எல்லா வகைக்கும் ஒன்றே போதும் என்கிற பெரிய கருவியைத்தான் முதலில் பார்த்தோம். விலை எங்கட ஒரு மாத வாடகையைவிடக் கூட. பிறகு எண்ணிப் பார்த்தோம். யூஎஸ்பிஏஎஸ்பி என்கிற மலிவான சின்னப் பலகை மெகா, டைனி பன்னிரண்டுக்கும் போதும். பிக்குக்கு அது சரிவராது. 84ஏ-யில் எழுதும்போது அதன் ரீசெட் காலுக்கு 13 வோல்ட் மட்டில் கொடுக்க வேணும், யூஎஸ்பியில் வாறது 5 வோல்ட். அந்த 16சி54-இல் கண்ணாடி ஜன்னல் இல்லை. ஜன்னல் இல்லாதது ஒருதரம் மட்டும் எழுதுகிற ரகம், என்ன காசு குடுத்தாலும் அழிக்கேலாது. ஐந்து சிப்புக்காகப் பெரிய கருவி வாங்கிறது மடத்தனம்.

கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிற நண்பன் அதையும் இப்ப வாங்க விடவில்லை. "முதல்ல சிப் உயிரோட இருக்கோ எண்டு பாருங்கோடா" எண்டு தன்ர ஆடுயினோ ஊனோவைத் தந்தான். அதுக்கே புரோகிராமர் வேலையும் செய்யத் தெரியும். பதினொண்டு பதில் சொன்னது. 'மணி' மட்டும் மௌனம்.

செத்துப் போச்சு எண்டு அன்ரிக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இரவு நண்பனுக்கு எடுத்தோம். வெளிக் கிறிஸ்டல் வேணும் எண்டு பியூஸ் போட்டிருப்பார், அது இல்லாட்டி சிப் முழிக்காது எண்டான். போர்ட் ஒன்றிலிருந்து 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலையும் இரண்டு 22 பிக்கோஃபாரட் கொண்டென்சரையும் கழட்டிப் போட்டோம். 1ஈ 93 07. மெகா8-இன் அடையாள எண். கத்தின சத்தத்துக்கு அன்ரி எழும்பி வந்துட்டா.

இதுக்குள்ள ஒரு பயம் இருந்தது. புதுசாக எழுதச் சொன்னால் மென்பொருள் முதலில் பழசை முழுக்க அழிச்சுட்டுத்தான் எழுதும். கட்டளையில் ஒரு எழுத்து மாறினால் போச்சு. ஒருவர் தட்ட, மற்றவர் மூன்று தரம் வாசிச்சுப் பார்த்த பிறகுதான் என்டரை அமத்தினோம். பூட்டு போடாமல் விட்டிருந்தார், நல்ல மனுசன். 8 கிலோபைட்டும் ஒரு கோப்பாக வந்தது.

"அவன்ர எழுத்தோ இது?" எண்டு அன்ரி கேட்டா. முக்காற்புள்ளியில் தொடங்கி எண்ணும் எழுத்துமாக வரி வரியாக ஓடுற ஒன்றை என்னெண்டு விளங்கப்படுத்துறது? ஓம் எண்டு சொன்னோம். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. இருபத்தைந்து பாகையில் 100 வருசம் அழியாமல் இருக்கும் எண்டு தயாரிப்பாளரின் தரவுத்தாள் சொல்லுது. யாழ்ப்பாண வெயிலுக்கு அந்தக் கணக்கு பொருந்துமோ தெரியாது எண்டதால் கோப்பை மகனுக்கும் அனுப்பிவிட்டோம்.

மகாபொல காசு வந்த கிழமை யூஎஸ்பிஏஎஸ்பி வாங்கினோம். அலாம் வேறொரு மெகா8-இல் ஓடுது, சில நேரம் மழைக்கும் கத்துது. பிக் நான்கும் 16சி54-உம் திரும்ப ரின்னுக்குள். 'மணி'யை அன்ரி கேட்டு வாங்கிக்கொண்டு போனா.