பாங்காக் கால்வாய்ப் படகுக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

பாங்காக் நகரின் சேன் சேப் கால்வாயில் படகு ஓட்டும், கயிறு கட்டும், கட்டணம் வாங்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

இந்த மடல் உங்கள் கைக்கு வரப்போவதில்லை; வந்தாலும் உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு வந்த நான் யாருக்காவது கடன்பட்டிருக்கிறேன் என்றால் அது உங்களுக்குத்தான். அரண்மனையைப் புகழ ஆள் இருக்கிறது. பேரங்காடிகளுக்கு விளம்பரம் இருக்கிறது. உங்களைப் பற்றித்தான் ஊர் திரும்புகிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

உங்கள் படகுக்குள் நடந்துபோக வழி கிடையாது. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பலகை இருக்கைகள்தான். ஆகவே நீங்கள் படகுக்கு வெளியே, பாதம் வைக்க மட்டும் இடமுள்ள விளிம்பில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும். மறு கையில் சீட்டும் சில்லறையும். படிக்கட்டில் தொங்கியபடி டிக்கெட் கிழிக்கும் டவுன் பஸ் நடத்துநர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீங்கள் அதே வேலையைத் தண்ணீருக்கு மேல் செய்கிறீர்கள். தாழ்வான பாலம் வந்தால் கூரை மொத்தமும் கீழே இறங்குகிறது, நீங்களும் குனிந்துகொள்கிறீர்கள். எதிரே இன்னொரு படகு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டென்று கயிற்றை இழுக்க, தார்ப்பாய் மேலேறி அலையைத் தடுக்கிறது. கொஞ்சம் தாமதித்தால் கால்வாய்த் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அது வாயில் படக்கூடிய தண்ணீர் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் பாதிப்பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

துறையில் படகு நிற்பது சில நொடிகள். அதற்குள் கயிற்றைத் தூணில் சுற்றி, இறங்குகிறவர்களை இறக்கி, ஏறுகிறவர்களை ஏற்றி, கிளம்பிவிடுகிறீர்கள். அந்த அவசரத்திலும் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாளின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டுத்தான் ஒரு அக்கா கயிற்றை அவிழ்த்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இறங்கும் துறையின் பெயரைச் சொன்னால் போதும். தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இது பெரிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். ஊர் சுற்ற வந்தவனுக்குப் பெரிய விஷயம்தான். அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு துக்துக் ஓட்டுநர் சிரித்த முகத்தோடு, “இன்று அரண்மனை மூடியாச்சு, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்” என்றார். அரண்மனை திறந்துதான் இருந்தது. பெட்டியோடு வந்தவன் என்றால் எல்லா ஊரிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். உங்கள் படகில் மட்டும் என்னிடமும் வேலைக்குப் போகும் பெண்ணிடமும் ஒரே கட்டணம்; இரண்டு பேர் மேலும் ஒரே தண்ணீர் தெறித்தது.

இந்தக் கால்வாயை வெட்டியது ஊர் பார்க்க வருகிறவர்களுக்காக அல்ல. மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், கம்போடியா பக்கம் நடந்த போருக்குப் படையையும் ஆயுதங்களையும் கொண்டுசெல்ல 1837இல் தொடங்கி 1840இல் முடித்தார்கள். நீங்கள் படகு விடத் தொடங்கியது 1990இல், சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட மக்களுக்காக. எங்களைப் போன்றவர்கள் அதில் ஒட்டிக்கொண்டவர்கள்தான். ஆனாலும் நீங்கள் போகும் 18 கிலோமீட்டரில், பார்க்க வேண்டியது, வாங்க வேண்டியது, ஓய்வாக உட்கார வேண்டியது மூன்றும் கரையோரமாகவே வந்துவிடுகின்றன.

நாங்கள் போனபோது மேற்குக் கோடியில் இருந்தது பான்ஃபா துறை. இறங்கியதும் பொன்மலை என்று சொல்லப்படும் வாட் சக்கேத் கோயில் எதிரே நின்றது. அது மனிதர் கட்டிய குன்று. கால்வாய் வெட்டிய அதே மன்னர் அங்கே ஒரு பெரிய தூபி கட்டப் பார்த்தார். சேற்று நிலம் தாங்காமல் சரிந்தது. பிறகு வந்தவர்கள் அந்தச் சரிவையே குன்றாக்கி உச்சியில் தூபி வைத்தார்கள். 1898இல் இந்தியாவின் பிப்ரஹ்வாவில் கண்டெடுத்த புத்தரின் எலும்புத் துண்டுகளில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. 300க்கும் மேற்பட்ட படிகள். வளைந்து வளைந்து ஏறுவதால் மூச்சு வாங்காது. மேலேயிருந்து பார்த்தால், பக்கத்து லோஹ பிரசாத்தின் 37 உலோகக் கோபுரங்களும் தெரியும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சாவோ சிங் சா என்ற பெரிய ஊஞ்சல். 20 மீட்டருக்கும் உயரமான சிவப்புத் தேக்குத் தூண்கள். முன்பு பிராமணர்கள் அதில் ஆடியபடியே, உயரத்தில் கட்டியிருக்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அருகிலுள்ள தேவஸ்தான் கோயிலில் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’ சடங்கு இன்றும் நடக்கிறது. நம் திருவெம்பாவையும் திருப்பாவையும் மார்கழியோடு சேர்ந்து கடல் தாண்டிப் போன கதை அது. அந்தத் துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் அந்தக் கோயில் இருக்கிறது என்பதை எந்தச் சுற்றுலா வண்டியும் எனக்குச் சொல்லவில்லை.

ஹுவா சாங் துறையில் இறங்கியவர்களுக்கு ஜிம் தாம்சனின் வீடு பக்கம். பழைய தேக்கு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒன்றுசேர்த்த அந்த அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டை உலகத்துக்கு விற்றவர். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமல் போனார். அந்தப் பட்டை நெய்தவர்கள் எதிர்க்கரையில் இருக்கும் பான் க்ருவா குடியிருப்பின் சாம் முஸ்லிம்கள். வீட்டை எல்லாரும் பார்க்கிறார்கள். நெய்தவர்களின் தெருவைப் படகில் போகிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.

பிரதூநாமில் படகு மாற வேண்டும். மாறாமல் கரையேறிவிடுகிறவர்கள் பலர், காரணம் துணி. மொத்த விலைச் சந்தை, மாடி மாடியாகக் கடைகள். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் வேறு விலை. பேரம் முழுக்கக் கால்குலேட்டரில்தான். கடைக்காரம்மா ஓர் எண்ணைத் தட்டி நீட்டினார். என் மனைவி அதை அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டினார். கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்து அதிர்ச்சி காட்டிவிட்டு நடுவில் ஓர் எண்ணைத் தட்டினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பை மட்டும் நிறைந்துவிட்டது. அந்தப் பைகளோடு படகில் ஏறியபோது இருக்கையை நெருக்கிக்கொண்டு இடம் விட்டவர்களுக்கும் இந்த நன்றியில் பங்குண்டு.

இன்னும் கிழக்கே அசோக் துறை. அங்கே இறங்கி, பேட்சபுரி நிலையத்தில் மெட்ரோ பிடித்தால் இரண்டாவது நிறுத்தத்தில் பெஞ்சகிட்டி பூங்கா. புகையிலை ஆலை இருந்த இடத்தில் 2022இல் காட்டுப் பூங்கா ஒன்றைத் திறந்திருக்கிறார்கள்; சதுப்பு நீருக்கு மேல் உயரமான நடைபாதை போகிறது. உள்ளே போகக் காசு இல்லை. மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்ததும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேர்வையோடு அப்படியே நின்றார்கள். நாங்களும் நின்றோம். முடிந்ததும் மறுபடி ஓட்டம். ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்த அந்த ஒரு காரியம் நாங்கள் வாங்கி வந்த பொருள்களைவிட அதிகம் நினைவிருக்கிறது.

உங்களிடம் கற்றது இதுதான். ஒரு பெரிய நகரம் தன் விருந்தாளிக்குத் தனியாக வைத்திருக்கும் வண்டியில் ஏறினால், அது காட்ட நினைப்பதைத்தான் பார்க்க முடியும். தன் மக்களுக்கென்று வைத்திருக்கும் வண்டியில் ஒரு மூலை கிடைத்தால் ஊரே கிடைத்த மாதிரி. அந்த மூலையை எங்களுக்கு முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள். அதற்குத்தான் நன்றி.

பாங்காக் போகிறேன் என்று சொல்லும் தெரிந்தவர்களையெல்லாம் இனி உங்கள் துறைக்கு அனுப்பப்போகிறேன். இருட்டிய பின் படகை நம்பி இருக்கக் கூடாது, வார இறுதியில் சேவை இன்னும் சீக்கிரம் முடியும், இறங்கும் துறையின் பெயரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தான் அனுப்புவேன். ஆயிரம் பாட் நோட்டை நீட்டி உங்களை விளிம்பில் நிற்கவைக்காமல், சில்லறையோடு வருவார்கள். அது என் பொறுப்பு.


உங்கள் பயணிகளில் ஒருவன்