ஈரம்

கண்ணு, மாடியில் அலுமினியம் உருக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் 31 வருஷம் உலை முன்னால் நின்றவன் அப்படிச் சொன்னால் நியாயமில்லை. ஆனால் மாடியில் மட்டும் செய்யாதே. காங்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கும். உருகிய உலோகம் சிந்தினால் தளமே பெயர்ந்து தெறிக்கும். திறந்த வெளியில், காய்ந்த மணல் பரப்பிச் செய்.

எல்லோரும் நெருப்புக்குப் பயப்படுவார்கள், அது கண்ணுக்குத் தெரிகிறது. நான் பயந்தது ஈரத்துக்குத்தான். 19 வயதில், ஒரு ஐப்பசி மாதம், ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்த கரண்டியை எடுத்து அப்படியே உருகின அலுமினியத்தில் விட்டேன். பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. பட்டென்று ஒரு சத்தம். என் இடது முழங்கையில் நீ தடவிப் பார்ப்பாயே, அந்தத் தழும்பு அன்றைக்கு வந்தது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்கு விரியும் கண்ணு. உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு சிக்கினால் போதும், உருக்குகிற பாத்திரமான மூசையில் இருப்பது முகத்துக்கு வந்துவிடும். கரண்டி, இடுக்கி, அச்சு, பின்னால் சேர்க்கிற ஒவ்வொரு துண்டு, எதையும் உலை வாயில் காட்டி நன்றாகச் சூடாக்காமல் உள்ளே விடாதே.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இரும்பு மாதிரி தகதகவென்று சிவக்காது. வெயிலில் பார்த்தால் வெள்ளியாக, ஆடை கட்டின பால் போல அமைதியாக நிற்கும். ஆறிவிட்டது என்று நம்பிக் கை வைத்துவிடாதே.

பழைய பிஸ்டன் கிடைத்தால் நல்லது. குளிர்பான டப்பா மெல்லிசு, நிறையக் கசடாகவே போகும். பித்தளையும் துத்தநாகம் பூசின தகடும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சலில் நடுங்குவாய். ஈயம் பக்கமே போகாதே. மூடின குழாய், ஸ்ப்ரே டப்பா எல்லாம் உலைக்குள் வெடிக்கும்.

பருத்திச் சட்டை போடு, பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும். தோல் பூட்ஸுக்கு மேலே பேண்ட் தொங்கட்டும். உள்ளே சொருகினால் தெறித்தது நேராகக் காலுக்கு இறங்கும். பக்கத்தில் காய்ந்த மணல் வாளி இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் தள்ளியே இருக்க வேண்டும். அது உலைக்கு அல்ல, சுட்டுக்கொண்டால் 20 நிமிஷம் கையைக் காட்டுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை வா. மழை பெய்தால் உலை மூட்ட வேண்டாம், உட்கார்ந்து பேசலாம். வாங்கி வைத்திருக்கிற கிராபைட் மூசையையும் கொண்டு வா, தட்டிப் பார்க்கிறேன். விரிசல் இல்லாத மூசை மணி மாதிரி ஒலிக்கும்.